மாமி காயவைத்த செடிகள்

எங்கள் வீட்டில் காய்ந்த இலையை யாரும் காய்ந்தபடியே விட்டுவைக்க மாட்டார்கள். மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டுப் பெண்களும் பீடி சுற்றினார்கள். வடக்கே ஏதோ காட்டில் பறித்து, அங்கேயே காயவைத்துக் கட்டிய இலை பீடிக் கடைக்கு வரும். கடையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும். வந்த வாக்கில் தொட்டால் அப்பளமாக நொறுங்கும். உம்மா அதைத் தண்ணீரில் முக்கி உதறி, ஈரச் சாக்கில் சுற்றி மூலையில் வைப்பாள். மறுநாள் காலையில் பிரித்தால் இலை துணிபோல வளையும். பதம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகுதான் கத்தரியை எடுப்பார்கள். பதம் தப்பிய இலையில் சுற்றிய பீடியைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார், அன்றைக்கு உம்மாவின் கோபம் என் முதுகில் இறங்கும். எட்டு வயதிலேயே நான் சாக்குக்குள் விரலை விட்டுப் பார்த்துப் பதம் சொல்லிவிடுவேன். அதில் எனக்கு மகா கர்வம்.

மாமி என் வாப்பாவின் தங்கை. அப்போது அவளுக்கு இருபது வயது, கல்லூரியில் தாவரவியல் மூன்றாம் வருஷம். சாயங்காலம் உம்மாவோடு உட்கார்ந்து அவளும் பீடி சுற்றுவாள். மடியில் சுளகு, அதில் இலையும் தூளும். எதிரே சுவரில் சாய்த்து வைத்த புத்தகம். கை தன்பாட்டுக்கு இலையைச் சுருட்டிக்கொண்டிருக்க, கண் புத்தகத்தில் இருக்கும். பக்கம் புரட்ட வேண்டியபோது தலையை ஆட்டுவாள், நான் ஓடிப்போய்ப் புரட்டுவேன்.

கல்லூரியில் ஒவ்வொருவரும் முப்பது செடிகளைக் காயவைத்து, வெள்ளை அட்டையில் ஒட்டி, பெயரும் கிடைத்த இடமும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மற்ற பெண்கள் கல்லூரி வேலியோரத்திலேயே முப்பதையும் பிடுங்கி முடித்துவிட்டார்கள். மாமிக்கு அது போதவில்லை. தாமிரபரணி மலையைவிட்டு இறங்குகிற இடத்திலிருந்து கடலில் சேருகிற இடம்வரைக்கும், யாரும் கப்பலில் கொண்டுவந்து போடாத, இந்த ஆற்றுக்கே உரிய செடிகளாக முப்பது சேர்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்தாள்.

பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. அரபு நாட்டில், தம்மாமில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளையை வாப்பா அவளுக்குப் பார்த்து வைத்திருந்தார். மாமியோ மேலே படிக்க வேண்டும் என்றாள். வாப்பா துபாயில் இருந்ததால் சண்டையெல்லாம் செல்போனில்தான் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை போனில் அவர் கொஞ்சம் மனம் இறங்கி வந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

"வகுப்புல மொத ஆளா வந்தேன்னா மேல படி, நான் தடுக்கல. வரலன்னா மாப்ள வீட்டுக்கு வாக்குக் குடுத்திருவேன். அப்புறம் நீ பேசக்கூடாது."

சரி காக்கா என்றாள் மாமி; அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்போம். எழுத்துப் பரீட்சையில் அவளுக்குப் பயமில்லை. செய்முறை மார்க்குதான் ஆளைக் கவிழ்க்கும், அதில் பாதி இந்த முப்பது அட்டைகளில் இருந்தது.

இருபது வயதுப் பெண்ணை வெளியூருக்குத் தனியாக அனுப்பக் கூடாது, கூட ஓர் எட்டு வயதுப் பிள்ளையை அனுப்பிவிட்டால் பயமில்லை என்பது எங்கள் தெருவின் ஏற்பாடு. ஆகவே நான்தான் காவல். பஸ் ஏறியதும் தூங்கிவிழுந்து அவள் தோளில் எச்சில் வடிக்கும் காவல். அந்த வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஆற்றோடு போய்வந்தோம். அந்தப் பயணங்களை இப்போது நினைத்தால் எது பார்த்தது, எது தூக்கத்தில் கண்டது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஜன்னலில் வயலும் வாழையும் ஓடிக்கொண்டே இருக்கும், மாமியின் குரல் ஓடிக்கொண்டே இருக்கும். வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள் என்று எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். எனக்குச் சொல்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டு தலையை ஆட்டுவேன்.

பாபநாசத்தில் மலையடியில் இறங்கினோம். காட்டுக்குள் போக அனுமதி கிடையாது, கீழே விழுந்து கிடப்பதைப் பொறுக்கிக்கொள்ளலாம். தண்ணீர் பாறைகளுக்கிடையே சத்தம் போட்டுக்கொண்டு போனது. கரையில் பெரிய பெரிய மருதமரங்கள், வெளுத்த அடிமரமும் தண்ணீருக்குள் இறங்கிய வேர்களுமாக நின்றன. மாமி மலையைப் பார்த்தபடி சொன்னாள்: இந்த மண் ஒரு காலத்தில் இங்கே இல்லையாம். ஆப்பிரிக்காவோடும் மடகாஸ்கரோடும் ஒட்டிக்கிடந்து, பிய்ந்து, கடலில் மிதந்து வடக்கே வந்ததாம். வரும்போது தன் முதுகிலேயே செடிகளை ஏற்றிக்கொண்டு வந்ததாம். அதனால்தான் இந்த மலையிலிருக்கும் சில மரங்களுக்கு மடகாஸ்கரில் இன்னும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களாம்.

இப்பவும் நகருதா என்று கேட்டேன். நகருது, நகம் வளருற வேகத்துல என்றாள். அன்றிலிருந்து கொஞ்ச நாள் நான் நகம் வெட்ட மறுத்தேன். பூமி துபாய்ப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது, வாப்பாவை ஒருநாள் தொட்டுவிடும் என்று எனக்கு நானே முடிவு கட்டியிருந்தேன். என் நகத்துக்கும் அதற்கும் ஏதோ தொடர்பு உண்டு என்றும் நம்பினேன். உம்மா என்னைப் பிடித்து உட்காரவைத்துப் பத்து விரலையும் வெட்டியபோது நான் அழுத அழுகையின் காரணம் அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

கொற்கைக்குப் போனது நல்ல வெயில் நாளில். பாண்டியர்களின் துறைமுகம் என்று மாமி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்ததால் நான் கப்பல்களை எதிர்பார்த்துப் போனேன். அங்கே கடலே இல்லை. ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டிக் கடலைத் தூர அனுப்பிவிட்டதாம். வாழைத்தோப்பும் வயலும் குளமும்தான் இருந்தன. குளத்துப் பக்கம் ஒரு வன்னிமரம், வயதாகி, சாய்ந்து, தண்டெல்லாம் பொந்தாக இருந்தது. அதன் வயது என்னவென்று ஊரில் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். மாமி செருப்பைக் கழற்றிவிட்டு அதன் கிட்டே போய், கீழே உதிர்ந்து கிடந்த ஒரு சிறு கொப்பைத்தான் எடுத்தாள். சுற்றிலும் சீமைக் கருவேலம் மண்டிக்கிடந்தது. அது கடல் தாண்டி வந்தது, ஆனால் வன்னிக்கு ஒன்றுவிட்ட உறவு என்றாள்.

அந்த வாரம் போனில் மாமி வன்னி இலையைப் பற்றிச் சொல்லச் சொல்ல வாப்பா குறுக்கே புகுந்தார். அங்கே அவர்கள் தங்கியிருக்கும் இடத்துக்கு வெளியே மணலில் இதே மாதிரி ஒரு மரம் நிற்கிறது, அரபிகள் அதைக் காஃப் என்கிறார்கள், அதன் நிழலில்தான் மத்தியானம் சோறு தின்கிறோம் என்றார். மாமி எழுந்தே நின்றுவிட்டாள். அது வன்னியேதானாம். அண்ணனும் தங்கையும் மாப்பிள்ளைப் பேச்சை மறந்து அன்றைக்கு வெகுநேரம் ஒரு மரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பாயில் படுத்தபடி, கொற்கை மரத்தின் வேர் கடலுக்கடியில் போய் அந்தப் பக்கம் தலைதூக்கி வாப்பாவுக்கு நிழல் கொடுப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

உம்மாவுக்கு மட்டும் இந்த ஆராய்ச்சி பிடிக்கவில்லை. மிளகாய் வெளிநாட்டுச் சரக்கு என்று மாமி சொன்னதை அவள் பொறுத்துக்கொண்டாள். தக்காளி, கொய்யா, பப்பாளி, தான் சுற்றும் பீடிக்குள் இருக்கும் புகையிலை, எல்லாம் கப்பலேறி வந்தவை என்றபோதும் பொறுத்தாள். புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்றதும் சுளகைக் கீழே வைத்துவிட்டாள்.

"மொளகாயும் கெடையாது, புளியும் கெடையாதுன்னா, அந்தக் காலத்துல என்னத்தப் போட்டு ஆணம் காச்சுனாங்களாம்?"

மிளகும் மலையிலிருக்கும் கொடம்புளியும் என்று மாமி சொல்லிப் பார்த்தாள். உம்மா கேட்கவில்லை. அன்றைக்கு இரவு ஆணத்தில் புளி தூக்கலாகவே இருந்தது.

செடிகள் மொட்டைமாடியில், தண்ணீர்த்தொட்டியை ஒட்டியிருந்த சின்ன அறையில் காய்ந்தன. செய்தித்தாள்களுக்கு நடுவே ஒவ்வொன்றையும் பரப்பி, மேலே பலகை வைத்து, அதன்மேல் வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த பெரிய பெட்டியைக் கம்பளிகளோடு ஏற்றிவைத்திருந்தாள். ஈரம் வாங்கிய தாளை தினமும் மாற்ற வேண்டும், அது என் வேலை. நொச்சி, நீர்மருது, இலுப்பை, ஆவாரை, தாழம்பூவின் ஒரு மடல், ஆறு கடலோடு சேரும் இடத்திலிருந்து எடுத்துவந்த அலையாத்தி. அந்த அறையில் எப்போதும் ஒரு வாசனை இருக்கும். பச்சையும் தூசியும் கலந்தது. மத்தியான வெக்கையில் அங்கே படுத்தால் உடனே தூக்கம் வரும். தூக்கத்தில் அறை மெதுவாக நகரும், ஆறு முழுவதும் அந்தப் பெட்டிக்கு அடியில் மடித்துக் கிடக்கும்.

கடைசியில் முப்பதும் காய்ந்தன. மாமி அவற்றை அட்டையில் ஒட்டி, பேனாவால் அழகாகப் பெயரெழுதி, திரும்பவும் பெட்டிக்கடியில் வைத்தாள். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அவளுக்கு ஒரு பரீட்சை மிச்சமிருந்தது. புறப்படும் அவசரத்தில் ஒரு அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, ரொம்பக் காஞ்சு போச்சு, தொட்டா நொறுங்குது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் அதைக் கேட்டேன்.

அவள் போனபிறகு நானும் எடுத்துப் பார்த்தேன். வன்னியின் ஓர் ஓரம் விரல்பட்டுப் பொடியாக உதிர்ந்தது. திங்கட்கிழமை வேலை இருக்கிறது, இலை இன்னும் காய்ந்து கிடக்கிறது, மாமி படிப்பு மும்முரத்தில் மறந்துவிட்டாள். இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் தெருவில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். நான் கீழேயிருந்து சாக்கு எடுத்துவந்தேன். வாளியில் தண்ணீர் மொண்டேன். ஒவ்வொரு அட்டையாக முக்கி, உம்மா உதறுவதுபோலவே உதறி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஈரச் சாக்கில் இறுக்கிச் சுற்றினேன். முப்பதையும் முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. கை வலித்தது. மாமியைக் காலையில் அசத்த வேண்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் செய்த வேலைகள் குறைவு.

மாமி சாயங்காலம் களைத்து வந்து, சாப்பிட்டுப் படுத்துவிட்டாள். மறுநாள் விடிந்ததும் அவள் மாடியேற, பின்னாலேயே நான் ஏறினேன். பெட்டி ஒதுங்கியிருப்பதையும் மூலையில் சாக்கு இருப்பதையும் பார்த்தாள். அவள் கேட்கும் முன்பே நான் முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன்.

அட்டைகள் ஊதி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. எழுத்தெல்லாம் நீலமாகக் கரைந்து ஓடியிருந்தது. ஆவாரம்பூ மஞ்சளைக் காணோம். அலையாத்தி கறுத்துக் கூழாகியிருந்தது. எனக்கு இதொன்றும் கண்ணில் படவில்லை, நான் இலையை மட்டும்தான் பார்த்தேன். ஒன்றுகூட நொறுங்கவில்லை.

"தொட்டுப் பாருங்க மாமி. பதமா வந்திருக்கு."

மாமி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கையை நீட்டி ஒரு மருத இலையை இரண்டு விரலுக்கிடையில் பிடித்து, பீடி இலையைப் பார்ப்பதுபோலத் தடவிப் பார்த்தாள்.

"பதமாத்தான் இருக்கு புள்ள" என்றாள். இலையைத் திரும்ப வைத்துவிட்டு, "இத உம்மாட்ட சொல்லாத. நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை; சரி என்று தலையை ஆட்டினேன். மாமி சாக்கை உருவிக் கீழே கொண்டுபோய் மறுபடி இருந்த இடத்தில் போட்டாள். மோட்டாரைப் போட்டாள். திரும்ப மேலே வந்து என் பக்கத்தில் நின்றாள். தொட்டி நிறைந்தது, வழிந்தது, தண்ணீர் மாடியெங்கும் பரவி அறைக்குள் வந்து அட்டைகளை நனைத்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் தேவை என்று நினைக்கிறாள் போலும் என்று நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் அவள் கீழே உம்மாவைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள்.

உம்மா வந்து தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தொட்டி வழிந்து செடியெல்லாம் போய்விட்டது என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. நான் பாடுபட்டு நனைத்ததற்குத் தொட்டி பேர் வாங்கிக்கொண்டு போவது எனக்கு என்னவோபோல் இருந்தது. வாக்குக் கொடுத்திருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மாமி என்னை இழுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கும் ரயில் சந்திப்புக்கும் நடுவே ஆற்றங்கரையெல்லாம் அலைந்தாள். கைக்கெட்டும் இடத்தில் இருந்ததெல்லாம் சீமைக் கருவேலமும் ஆகாயத்தாமரையும் உண்ணிச்செடியும்தான். எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. அவள் நினைத்திருந்தால் அவற்றையே பறித்து முப்பதை நிரப்பியிருக்கலாம், மற்ற பெண்கள் அதைத்தான் செய்திருந்தார்கள். அவள் எடுக்கவில்லை. நொச்சி, தும்பை, எருக்கு, புங்கை என்று பதினொன்று கிடைத்தது. அவற்றை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்து, பதினொரு அட்டைகளோடு திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனாள்.

வகுப்பில் மூன்றாவதாக வந்தாள். வாப்பா போன் செய்தார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை; தங்கைமேல் பிரியம், என்மேல் அதைவிட. தொட்டி எப்படி வழிந்தது, மோட்டாரைப் போட்டுவிட்டு யார் மறந்தது என்று இரண்டு தடவை கேட்டார். அடுத்தவர் செய்த தவறால் வந்தது என்றால் பொறுத்துக்கொண்டு அவளுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிற மனிதர். அதற்கு வழி தேடித்தான் கேட்டார் என்று இன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரிகிறது.

"நான்தான் காக்கா. நான்தான் மோட்டாரப் போட்டேன்" என்றாள் மாமி.

வாப்பா, அல்லாஹ் நாடல போலிருக்கு என்று சொல்லி வைத்துவிட்டார். நான் மாமியின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் நின்றேன். அன்று நான் வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். மாமி இப்போதும் தம்மாமில்தான் இருக்கிறாள், வாரம் ஒரு தடவை பேசுகிறோம். இதைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மாமிக்கு மருதாணி இட்டார்கள். நடுக்கூடத்தில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு உள்ளங்கையிலும் பூவும் கொடியுமாக வரைந்து முடித்திருந்தது, இன்னும் ஈரம் காயவில்லை. நான் ஒட்டி உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரப் பெண் ஒருத்தி, ஒரு வருஷமா ஊர்ஊராப் போய்ப் பொறுக்குன செடியெல்லாம் தொட்டித் தண்ணியில போச்சாமே என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்றேன்.

"தொட்டி ஒண்ணும் நனைக்கல" என்று ஆரம்பித்தேன்.

மாமி சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். ஈர மருதாணியோடு, எலும்பு வலிக்கும்படி பிடித்தாள். "பைய இரி புள்ள" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. ஐயோ கோலமெல்லாம் அழிஞ்சு போச்சே என்று பெண்கள் என்னைத் திட்டினார்கள். உம்மா மட்டும் திட்டவில்லை. அவள் என்னையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். மாமி பிடியை விடவே இல்லை. என்மேல் அவளுக்குத்தான் எவ்வளவு பிரியம் என்று நான் பூரித்துப்போய் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

கையை விட்டபோது அவளுடைய கொடியும் பூவும் பாதிக்குமேல் என் உள்ளங்கைக்கு வந்திருந்தது. நான் அதைக் கழுவவில்லை. மறுநாள் செக்கச்செவேலென்று பிடித்திருந்தது. அது மங்கும்வரைக்கும் பள்ளிக்கூடத்தில் கையை விரித்து விரித்துக் காட்டி, மாமி தன் கையிலிருந்து எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டாள் என்று எல்லாரிடமும் சொன்னேன். எவ்வளவு கொடுத்திருந்தாள் என்று எனக்கு அப்போது தெரியாது.